போல்ட் மாட்டினால் மட்டும் போதாது

வீல் அலைன்மென்ட் கடையில் வேலைக்குச் சேர நினைக்கும் பையன்கள் பெரும்பாலும் மெஷினைத்தான் பார்க்கிறார்கள். திரையில் நம்பர் சிவப்பாக இருந்தால் டை ராடைத் திருப்பு, பச்சைக்கு வந்தால் பில்லைப் போடு. இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடலாம். அதனால்தான் இதற்கு மட்டும் யாரும் பெரிய சம்பளம் தருவதில்லை. என்ன திருப்பினாலும் பச்சைக்கு வராத காரை என்ன செய்வது என்று தெரிந்தவருக்குத்தான் மதிப்பு. அதைக் கற்க ஒரு மலிவான வழி உண்டு. சொந்தக் காரிலோ, நம்பிக் கொடுக்கும் உறவினர் காரிலோ, வீட்டு வாசலில் ஒரு ஜோடி கேம்பர் போல்ட்டை நீங்களே மாட்டிப் பாருங்கள்.

நம் சாலைகளில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். இதில் கம்பெனி நம் கைக்கு விட்டிருப்பது பல மாடல்களில் முன் சக்கர டோ ஒன்றைத்தான். மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறதா வெளியே திரும்பியிருக்கிறதா என்பது டோ. சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். அதற்குத் திருகு கிடையாது. கார் பள்ளத்தில் இறங்கிக் கேம்பர் போய்விட்டால், “அது அட்ஜஸ்ட் ஆகாது சார்” என்று கைவிரிப்பார்கள். இல்லையென்றால் ஹைட்ராலிக் ஜாக்கியை முட்டுக்கொடுத்து ஸ்ட்ரட்டையே வளைத்து நம்பரைப் பச்சைக்குக் கொண்டுவருவார்கள். இந்த இரண்டாவது வித்தையை மட்டும் கற்காதீர்கள். வளைந்த இரும்பை இன்னொரு முறை வளைப்பதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

ஸ்ட்ரட்டின் அடியில், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போடுவது கேம்பர் போல்ட். சாதா போல்ட்டைவிட உடம்பு மெலிந்தது. ஒரு பக்கம் மட்டும் புடைத்த மேடு ஒன்று இருக்கும். திருப்பும்போது அந்த மேடு நக்கிளைத் தள்ள, சக்கரம் சாயும். கிட்டைப் பொறுத்து இரு பக்கமும் ஒன்றரை டிகிரி அளவுக்கு நகர்த்தலாம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் விசாரித்தால் கிடைக்கலாம். காரின் மாடல், போல்ட்டின் விட்டம் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். 12 மில்லிமீட்டர் ஓட்டைக்கு 14 மில்லிமீட்டர் போல்ட் நுழையாது. 14-இல் 12-ஐப் போட்டால் ஆடும்.

வாங்குவதற்கு முன்னால் அலைன்மென்ட் ரிப்போர்ட் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதில் கேம்பருக்குப் பக்கத்தில் எஸ்.ஏ.ஐ. என்றொரு வரி இருந்தால் அதைப் பாருங்கள். ஸ்டீயரிங் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சின் சாய்வு அது. எஸ்.ஏ.ஐ. இரு பக்கமும் ஒத்திருந்து கேம்பர் மட்டும் விலகியிருந்தால் நக்கிளோ ஸ்ட்ரட்டோ வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் சேர்ந்து விலகியிருந்தால் லோயர் ஆர்மையும் மேல் மவுண்ட்டையும் சந்தேகியுங்கள். வளைந்த பாகத்தை மாற்றாமல் கேம்பர் போல்ட் போடுவது, ஜுரத்துக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரை மாற்றுவது போல. பால் ஜாயின்ட் ஆட்டம், புஷ் கிழிசல், ரிம் வளைவு, டயர் காற்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

இனி வேலை. சமதளமான கெட்டித் தரை, ஹேண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. வீல் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன் கீழே படுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவியுங்கள். நக்கிள் கீழே தொங்கி ஹோஸை இழுக்காமல் முட்டுக் கொடுங்கள். நட்டு துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். எந்த ஓட்டை என்பது கிட்டோடு வரும் தாளில் இருக்கும், பெரும்பாலும் மேல் ஓட்டை. பானெட்டுக்குள் ஸ்ட்ரட்டின் தலையில் தெரியும் நடு நட்டில் மட்டும் கை வைக்கவே வேண்டாம். ஸ்பிரிங் முழு அழுத்தத்தோடு அதற்குக் கீழே காத்திருக்கிறது.

இறுக்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். காரின் மேனுவல் சொல்லும் டார்க் பழைய தடித்த போல்ட்டுக்கானது. மெலிந்த கேம்பர் போல்ட்டுக்குக் கிட் தாளில் இருக்கும் டார்க்தான் கணக்கு. பழைய போல்ட்டை இறுக்கிய பலத்தில் இதை இறுக்கினால் இழுபட்டுப் போகும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். பழைய லாக் நட்டையே திரும்பப் போடாதீர்கள், புதிதாகப் போடுங்கள்.

வீட்டில் கேம்பரைத் தோராயமாகப் பார்க்க முடியும். 15 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி என்றால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சுமார் 6.6 மில்லிமீட்டர் வித்தியாசம். தூக்குக்குண்டு நூலும் ஸ்கேலும் இருந்தால் போதும். ஆனால் கேம்பர் நகர்ந்தால் டோவும் நகரும். டோ தப்பினால் டயர் கேம்பர் தப்பியதைவிட வேகமாகத் தேயும். அதனால் மாட்டி முடித்ததும் மெதுவாக ஓட்டி நேராக அலைன்மென்ட் கடைக்குப் போய்விடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது காரைக் கம்பெனி அளவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் வேலை. காரைத் தாழ்த்தி, சக்கரத்தை வெறும் அழகுக்காகச் சாய்ப்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காகச் செய்து கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் பார்க்கும் பெரிய குறை பேச்சுதான். “கேம்பர் அவுட்டு” என்று சொன்னால் வாடிக்கையாளருக்குப் புரியாது. “சார், இடது டயர் உள்பக்கம் தேயுது, பாருங்க. லோயர் ஆர்ம் வளைஞ்சிருக்கு, அதை மாத்திட்டு மறுபடி அளப்போம். அப்பவும் வரலேன்னா போல்ட் போடலாம்” என்று டயரைத் தொட்டுக் காட்டிச் சொல்பவரைத் தேடி அதே ஆள் அடுத்த முறையும் வருவார். ஜாப் கார்டிலும் இதே வரிசையில் எழுதுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. சான்றிதழ் வாசல்வரை கூட்டிப்போகும். உள்ளே போனதும் ஃபோர்மேன் கேட்கப் போவது “எந்த வண்டியில கை வெச்சிருக்கே?” என்றுதான். வீட்டில் செய்த அந்த ஒரு காரின் முன் ரிப்போர்ட், பின் ரிப்போர்ட் இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு அவற்றையும் எடுத்துப் போங்கள்.