தொலைநோக்கிக்கு ஒரு சூட்டுப் பட்டை

நள்ளிரவு. தொலைநோக்கியில் சனிக் கோளின் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காட்சி மெல்ல மங்குகிறது. அண்ணாந்து பார்த்தால் மேகமே இல்லை. முன்புற வில்லையின்மீது டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். அதன்மேல் பனி படர்ந்திருக்கும்.

தே ஓ ஐஸ் ஊற்றிய கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதுவும் ஒன்றே. காற்றிலுள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீராக மாறத் தொடங்குகிறதோ, அதுவே பனிநிலை. காற்றின் வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால், பனிநிலை ஏறத்தாழ 23 டிகிரி. வானத்தை நோக்கியிருக்கும் வில்லை அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். 3 டிகிரி இறங்கினாலே பனி படியத் தொடங்கும்.

துணியால் துடைக்காதீர்கள். வில்லையின் மெல்லிய பூச்சில் கீறல் விழலாம். பனியும் மீண்டும் படியும். வில்லையைப் பனிநிலைக்குச் சற்று மேலே வைத்திருப்பதே சரியான வழி. அதற்குச் சிறிதளவு வெப்பமே போதும்.

செய்முறை

1. குழாயின் விட்டம் 80 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். சுற்றளவு சுமார் 25 சென்டிமீட்டர். அந்த நீளத்தில் இரண்டு செம்புக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக வையுங்கள்.
2. 470 ஓம், அரை வாட் மின்தடைகள் பத்தை, 2.5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக, ஏணிப் படிகள்போல் இரு கம்பிகளுக்கும் இடையே பற்றவையுங்கள். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.
3. முழுவதையும் மின்காப்பு நாடாவால் மூடி, வெளிப்புறம் துணி சுற்றுங்கள். பட்டையை வில்லை இருக்கும் இடத்தில் குழாயைச் சுற்றிக் கட்டுங்கள்.
4. 1 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் மின்கலத்துடன் இணையுங்கள். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் இணைக்கக்கூடாது.

ஏன் ஏணி வடிவம்?

ஏணியில் ஒவ்வொரு மின்தடைக்கும் முழு 12 வோல்ட் கிடைக்கிறது. இதுவே பக்க இணைப்பு. 12-ஐ 470-ஆல் வகுத்தால் 0.0255 ஆம்பியர். பத்துக்கும் சேர்த்து 0.255 ஆம்பியர், திறன் சுமார் 3 வாட். ஒவ்வொன்றும் 0.31 வாட் மட்டுமே ஏற்பதால், அரை வாட் மின்தடை தாங்கும். கால் வாட் மின்தடை தாங்காது.

அதே பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோத்தால், மொத்த மின்தடை 4,700 ஓம். திறன் வெறும் 0.03 வாட். பொருள் அதேதான், வெப்பம் நூறில் ஒரு பங்காகிவிடும்!

பனி படியும் முன்பே பட்டையை இயக்குங்கள். சூட்டை வேண்டுமளவுக்கு மேல் கூட்டாதீர்கள். வில்லையின் முன் சூடான காற்று அலைந்தால் காட்சி நடுங்கும்.

சிந்தியுங்கள்: குழாயின் விட்டம் 160 மில்லிமீட்டர் என்றால், அதே இடைவெளியில் எத்தனை மின்தடைகள் தேவை? மின்னோட்டமும் திறனும் எவ்வளவு?