பை மாறவில்லை, பார்வை மாறியது

ஒரு காலத்தில் நம் கடைகளில் பருப்பையும் மிளகாயையும் காகிதத்தில் பொட்டலம் கட்டி, நூல் சுற்றிக் கொடுத்தோம். எண்ணெய்க்குத் தூக்குவாளியும் மற்றதற்கு மஞ்சள் பையும் வாங்க வருபவரே கொண்டு வந்தார். பிறகு பிளாஸ்டிக் பை வந்தது. நனையாது, மலிவு. அதில் ஆபத்து இருப்பதாக நம்மில் யாரும் நினைக்கவில்லை. பை தராத கடையை வாடிக்கையாளர் குறை சொன்னார். இன்றும் பை கேட்பவர் உண்டு. ஆனால் தயங்கிக் கேட்கிறார். இந்த மாற்றம் எப்படி வந்தது? வணிகர்களாகிய நாம் அறிய வேண்டிய பாடங்கள் மூன்று.

1. தீங்கு கண்ணில் பட்டால்தான் அச்சம் வரும். வங்காளதேசத்தில் 1988, 1998 பெருவெள்ளங்களின்போது பிளாஸ்டிக் பைகள் வடிகால்களை அடைத்துக்கொண்டன. பார்த்த மக்களின் மனம் மாறியது. 2002-இல் மெல்லிய பைகளை நாடு முழுவதும் தடை செய்த முதல் நாடு அதுவே.

2. மக்கள் மனத்தைச் சட்டம் பின்தொடரும். பையின் குறைந்தபட்சத் தடிமனை மத்திய அரசு 2011-இல் 40 மைக்ரான், 2016-இல் 50, 2021-இல் 75, 2022-இல் 120 எனப் படிப்படியாக உயர்த்தியது. தமிழகத்திலோ 2018 ஜூனில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் எல்லாத் தடிமனுக்கும் தடை வந்தது. இடையில் ஆறு மாத அவகாசம் இருந்தது. கவனித்தவர் இருப்பைக் குறைத்தார். கவனியாதவரின் சரக்கு முடங்கியது.

3. கண்ணுக்குத் தெரியாத தீங்கை மக்கள் எளிதில் உணர்வதில்லை. துணிபோலத் தோன்றும் 'நான்வோவன்' பையும் பிளாஸ்டிக்தான்; தமிழகத் தடைப் பட்டியலில் அதுவும் சேர்க்கப்பட்டது. பருத்திப் பையும் ஒரே நாளில் எறிந்தால் பயனில்லை. புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது மேலாக வேண்டுமானால் 131 முறை பயன்பட வேண்டும் என்று பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. வாரம் ஒரு முறை எடுத்துச் சென்றால் இரண்டரை ஆண்டு!

ஆகவே, துணிப்பையை இலவசமாக அள்ளிக் கொடுப்பதைவிட நியாய விலைக்கு விற்போம்; காசு கொடுத்து வாங்கியதை எவரும் எளிதில் எறியமாட்டார். பையோடும் பாத்திரத்தோடும் வருபவரை முகமலர்ந்து வரவேற்போம். எந்தப் பொருளையும் மொத்தமாக வாங்கி அடுக்குமுன், அதைப் பற்றி வாடிக்கையாளர் என்ன பேசிக்கொள்கிறார் என்று கேட்போம். கை கல்லாவில் இருக்கட்டும். காது வாடிக்கையாளர் பக்கம் இருக்கட்டும்.