செம்மண்ணில் எஞ்சியதும் நீங்கியதும்



வண்ணாத்திவில்லுப் பகுதியிற் புதுக்காணி வெட்டித் தென்னையோ மரமுந்திரிகையோ நாட்டியவர்கள் பலர் எம்மிடம் கேட்பது ஒன்றுண்டு. "இவ்வளவு சிவந்த மண்ணுக்குப் பசளை எதற்கு ஐயா? இரும்பு ஏறிக் கிடக்கிறதே!" கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்விரும்பு பெரும்பாலும் எங்கிருந்தும் வந்து ஏறியதன்று. மற்றவை நீங்கியமையால், நீங்காது நின்ற அதன் பங்கு பெருத்துக் காண்கிறது. இந்த வேறுபாட்டை அறியாதவர் பொற்றாசியம் இல்லாத மண்ணில் பொற்றாசியம் இடாது விட்டு, மூன்றாம் நான்காம் ஆண்டில் ஓலை மஞ்சளித்த பின்னரே விழித்துக்கொள்வர்.

புத்தளத்து உப்பளங்களை நீங்கள் அறிவீர்கள். 100 கிலோ கடல் நீரில் ஏறக்குறைய 3½ கிலோ உப்பு உண்டு. வெயிலில் நீர் வற்றி 50 கிலோ ஆனதும், அந்நீரில் உப்பு நூற்றுக்கு 7 ஆகிவிடும். பாத்தியில் எவரும் உப்புக் கொட்டவில்லை. 3½ கிலோ அப்படியே உள்ளது. உப்பின் நூற்றுவீதம் இரட்டித்தது என்ற ஒன்றை மட்டும் அறிந்தாலே, நீரின் எடை பாதியாயிற்று என்று தராசு இன்றிக் கூறிவிடலாம். உப்புப் பூக்கத் தொடங்கும் வரைதான் இவ்வளவுகோல் செல்லும். பூத்த பின்னர் உப்பே நீரைவிட்டு விலகுவதால் கணக்குப் பிழைக்கும்.

பாறை உக்கி மண்ணாவதும் இத்தகைய கணக்கே. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துச் சிறிது புளிப்புப் பெறுகிறது. அந்நீர் சோடியம், கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் ஆகியவற்றைக் கரைத்துச் செல்லும். சிலிக்காவிலும் ஒரு பகுதி போகும். இரும்பு துருவாகவும், அலுமினியம் களியாகவும் பெரும்பாலும் நிற்கும். தைற்றேனியமும் சேர்க்கோனியமும் இடம்பெயர்வது மிக அரிது. ஆகவே இவையே எமக்கு உப்பளத்து உப்பைப்போல் அளவுகோலாகின்றன.

கணக்கைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக எடுத்தவை. ஒரு பாறையில் நூற்றுக்கு 0.4 பங்கு தைற்றேனியமும், 4 பங்கு பொற்றாசியமும், 3 பங்கு இரும்பும் உள்ளன எனக் கொள்க. அது உக்கிய மண்ணில் தைற்றேனியம் 0.8, பொற்றாசியம் 3, இரும்பு 5. தாளை மட்டும் பார்ப்பவர் பொற்றாசியத்திற் காற்பங்கு போயிற்று, இரும்பு கூடிற்று என்பார். தைற்றேனியம் இரட்டித்திருப்பதால் 100 கிலோ பாறை 50 கிலோ மண்ணாய்க் குறைந்துள்ளது என்பதை முதலிற் கொள்ளல் வேண்டும். 50 கிலோவில் நூற்றுக்கு 3 என்றால் பொற்றாசியம் 1½ கிலோவே. முன்பிருந்த 4 கிலோவில் 2½ கிலோ, அதாவது பாதிக்கு மேல், போய்விட்டது. இரும்போ 2½ கிலோ; கூடியதாகத் தோன்றிய அதுவும் உண்மையில் அரைக் கிலோ குறைந்தே இருக்கிறது.

கிரெசென்ஸ் என்னும் புவியியலறிஞர் 1967இல், அடர்த்தியையும் கனவளவையும் சேர்த்து இக்கணக்கைச் சமன்பாடாக வகுத்தார். 1986இல் கிராண்ட் என்பவர் அதனை ஒரு வரைபடமாக எளிதாக்கினார். பழைய பாறையின் அளவுகளைக் கிடையாகவும், மாறியதன் அளவுகளை நிலையாகவும் குறித்து, அசையாத மூலகங்களின் புள்ளிகளூடாகத் தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு கோடு இழுத்தால், கோட்டுக்கு மேலே உள்ளவை வந்து சேர்ந்தவை, கீழே உள்ளவை நீங்கியவை.

நீங்குதல் எப்போதும் நட்டமன்று. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971இற் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் படிவு அவ்வாறு பிறந்ததே. அங்கு கீழே உள்ளது கல்சைற்றும் தொலமைற்றும் மிகுந்த காபனேற்றுப் பாறை. அதில் அபற்றைற்று மணிகளும் இருந்தன. நெடுங்காலம் மழை பெய்து காபனேற்று கரைந்தோட, அபற்றைற்று எஞ்சிச் செறிந்தது. அதிலும் ஒரு பகுதி கரைந்து மீண்டும் படிந்து மணிகளைப் பிணைத்துள்ளது. முற்றும் அசையாத பொருள் என்று ஒன்றில்லை என்பதற்கு இதுவும் சான்று. அத்தனை மழைக்கும் நின்ற பொருளாதலின், அதன் தூள் மண்ணில் மெல்லவே கரையும். தென்னை, தேயிலை, இறப்பர் போன்ற நீண்டகாலப் பயிர்களுக்கு ஏற்கும், மூன்று மாதப் பயிருக்கு ஏலாது.

இனி எமது செம்மண்ணுக்கு வருவோம். அருவக்காட்டுக் கற்குழியில் மேலே செம்மண்ணும் கீழே மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லும் இருக்கக் காணலாம். கீழிருப்பதே மேலுள்ளதன் தாய் என்று எண்ணுவது இயல்பு. யானும் மாணவனாயிருந்தபோது அவ்வாறே எண்ணிக் கணக்கிட்டேன். ஓரடி மண்ணுக்காக வியக்கத்தக்க ஆழத்துக்குக் கல் கரைந்ததாக விடை வந்தது! உண்மையில் இச்செம்மண்ணின் பெரும்பகுதி துருப் பூசிய குவாட்சு மணல். கல்லின்மேற் பிற்காலத்திற் படிந்து சிவந்தது. தாய்ப்பாறை தவறினால் விடையும் தவறும். தைற்றேனியமும் சேர்க்கோனியமும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று ஒப்பிடுவது இதற்கு ஒரு காவல். கரையோர மணலில் அக்காவலும் போதாது. புல்மோட்டையிற் கடலலை இல்மனைற்று, சேர்க்கோன் போன்ற பாரமான மணிகளைத் தானே பிரித்துக் குவித்திருப்பதை எண்ணிப் பாருங்கள்.

வழக்கமான மண் சோதனைத் தாளில் தைற்றேனியம் இராது. அதிலுள்ள பொற்றாசியமும் பயிர் எடுக்கத்தக்க பங்கே அன்றி முழு அளவன்று. ஆயினும் காணி வெட்டியபின் நீங்கியதை அறிய, மணலையே அளவுகோலாகக் கொண்டு நீங்களே ஒரு சோதனை செய்யலாம். வேலிக்கப்பால் வெட்டாத பற்றையிலும், உங்கள் காணியிலும், ஒரே சாய்விலும் ஒரே ஆழத்திலும் மண் எடுத்து உலர்த்தி, ஒவ்வொன்றிலும் 1 கிலோ நிறுத்துக்கொள்ளுங்கள். (யானை நடமாடும் பக்கமாயின் பற்றைக்குள் இறங்காது ஓரத்திலேயே எடுக்கவும்.) சிறிது சலவைத்தூள் இட்டு ஓரிரவு ஊறவைத்து, நன்றாகக் கலக்கி, மணல் அடியிற் தங்கியதும் கலங்கல் நீரை ஊற்றுங்கள். நீர் தெளியும்வரை இவ்வாறு கழுவி, மணலை உலர்த்தி நிறுக்கவும்.

பற்றை மண்ணில் 800 கிராம் மணல், காணி மண்ணில் 900 கிராம் எனக் கொள்வோம். நுண்மண் 200இலிருந்து 100 ஆயிற்று, பாதி போயிற்று என்று நிறுத்திவிடாதீர்கள். 900 கிராம் மணலுடன் 100 கிராம் என்றால், பழைய 800 கிராம் மணலுடன் 89 கிராமே நிற்கிறது. 111 கிராம் போய்விட்டது. மணல் கழுவுண்டு போகாத இடத்திற்கே இக்கணக்குப் பொருந்தும். நீர் ஓடும் வாய்க்காலோரத்தில் மண் எடுத்தல் கூடாது.

போன அந்த 111 கிராமே பசளையைப் பிடித்து வைக்கும் களியும் உக்கலும். ஆகையால் அத்தகைய காணியிற் பொற்றாசியப் பசளையை ஒரே முறையிற் கொட்டாது, மண் ஈரமாயுள்ள காலத்தில் இரு தடவையாகப் பிரித்து இடுக. தென்னையடியிற் பொச்சு புதைத்து, சீமைக்கிளுவைத் தழையால் மூடுபடை இடுக. சாய்வுக்குக் குறுக்கே வரம்பு கட்டுக. பெரும்போக மழை ஓய்ந்ததும் அதே இடத்தில் மீண்டும் 1 கிலோ எடுத்துக் கழுவி, புதிய எண்ணைப் பழையதன் கீழ் எழுதி வையுங்கள். அந்தத் தாளுடன் வந்தாற் பசளை அளவைச் சேர்ந்திருந்து தீர்மானிக்கலாம்.