படம் திறக்க மறுத்தால், தூரிகை நின்றுபோனால்

ஐபோனில் எடுத்த படம் கணினியிலுள்ள பழைய மென்பொருளில் திறக்காவிட்டால், பெரும்பாலும் கோப்பு கெட்டுப்போயிருக்காது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் படங்களை ஹெச்இஐசி வடிவில் சேமிக்கின்றன. ஜேபெக்கைவிடக் குறைந்த இடம் பிடிக்கும் நல்ல வடிவம்தான். பழைய மென்பொருள்களுக்குத்தான் அது புரிவதில்லை. கோப்பின் பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகளை ஜேபிஜி என மாற்றுவதில் பயனில்லை, உள்ளடக்கம் மாறுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருள், 2.10.2 பதிப்பு முதல், அதை நேரடியாகத் திறக்கும். கைபேசியின் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதன்பின் எடுப்பவை ஜேபெக்காகவே பதிவாகும்.

படம் திறந்தும் தூரிகை கோடு போடவில்லையென்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது மறந்துபோன தேர்வுப் பகுதியை. ஏதோ ஒரு மூலையில் சில புள்ளிகள் தேர்வாகி நின்றால்கூட, அதற்கு வெளியே தூரிகை வேலை செய்யாது. போட்டோஷாப்பில் கன்ட்ரோல்+டி, கிம்பில் கன்ட்ரோல்+ஷிப்ட்+ஏ அந்தத் தேர்வை நீக்கும். அப்போதும் அசையாவிட்டால் லேயர் பூட்டப்பட்டிருக்கிறதா, மறைக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

ஜிஃப் படத்தில் போட்டோஷாப் ஃபில்டர்கள் மங்கிக் கிடப்பதற்குக் காரணம் வேறு: 256 நிறங்களுக்குள் அடங்கிய இன்டெக்ஸ்டு முறை. இமேஜ் பட்டியலில் மோடைத் திறந்து ஆர்ஜிபிக்கு மாற்றினால் அவை உயிர்பெறும்.