கடைமடையும் தலைமடையும்

அன்புள்ள மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலே சரியில்லை. கயத்தாறுப் பக்கம் புதிதாக வந்த சோலார் பிளாண்டுக்கு நாளைய உற்பத்தியை இன்றே சொல்லவேண்டும், பழைய கணக்கு ஒரு நாளுக்குக்கூட இல்லை, மிஷின் லேர்னிங் எதைப் படிக்கும் என்று புலம்பினாய். ஆச்சி பயந்துபோய், "பிள்ளைக்கு வேலை போச்சா?" என்று கேட்டாள்.

ஒரு நாளைப் பதினைந்து பதினைந்து நிமிஷமாக நறுக்கி, 96 துண்டுக்கும் சொல்லவேண்டுமாமே! சாயங்காலம் மழை வருமா என்றாலே எனக்கு முழி பிதுங்கும்.

உன் அப்பன் கைக்குழந்தையாக இருந்தபோது தோவாளைப் பக்கம் வயல் குத்தகைக்கு எடுத்தேன். கன்னிப்பூ சாகுபடிக்கு எத்தனை கோட்டை நெல் காணும் என்று பக்கத்து வயல்காரரைக் கேட்டு, அதை நம்பிக் கடனும் வாங்கினேன். அவர் வயல் தலைமடை, என்னுடையது கடைமடை. தண்ணீர் அவர் வரப்போடு நின்றுவிட்டது. ஆச்சியின் வளையல் அடகுக்குப் போன கதை அதுதான், இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

பக்கத்துப் பிளாண்டின் கணக்கைக் கடன் வாங்கு, தப்பில்லை. ஆனால் ஒரே வானம்தானா என்று பார். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப்புறம் சாரல்; முப்பந்தல் காற்றாடிகளைத் தாண்டினால் வெயில் கொளுத்தும். பஸ்ஸில் அரை மணிக்கூர்கூட ஆகாது. பேனல் எத்தனை, எந்தச் சாய்வு, எந்தத் திசை என்பது முதல் நாளே தெரியுமல்லவா? அதையும் வானிலைக் கணிப்பையும் வைத்து ஒரு கணக்குப் போட்டுவிட்டு, மிச்சம் விழும் பிழையை மட்டும் மிஷின் படிக்கட்டும். சித்திரை வெயில் என்று ஏற்றிப் போடாதே. பேனல் சூடேறினால் திறன் குறையும் என்று நீதானே சொன்னாய்.

ஒரு நோட்டு வை. எக்ஸெல் இருக்கே பாட்டா என்பாய், இருக்கட்டும். புதுப் பிளாண்டில் எல்லா இன்வெர்ட்டரும் ஒரே நாளில் ஓடாது. பாதி ஓடிய நாளை அப்படியே கொடுத்தால், வெயிலே பாதிதான் என்று மிஷின் படித்துவிடும். கிரிட்காரர்கள் உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன மதியமும் அதற்கு மேகம்தான், தூசியும் மேகம்தான். (கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் பிளாண்டில் பேனல் தூசியைத் துடைக்க ரோபோவே வைத்தார்கள்.) எந்தத் துண்டு ஏன் பிசகியது என்று அன்றன்றைக்கே எழுது. பிளாண்டில் நிற்கிற ஆபரேட்டருக்குத் தினமும் போன் போடு. சாப்பிட்டாரா என்றும் கேள். மேகமா, பியூஸா என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆச்சி ஏத்தங்காய் உப்பேரி கட்டி வைத்திருக்கிறாள். ஆடியில் வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இரு. கணவாயில் எந்த இடத்தில் சாரல் தொடங்கியது, மணி என்ன என்று குறித்துக்கொண்டு வா.

உன் பாட்டா