மலைக்காற்றும் ஆளில்லா வானூர்தியும்

சென்ற சில ஆண்டுகளாக மலைநாட்டுத் தோட்டங்களிலே மாரியம்மன் தேர் புறப்பட்டாலும், மாசி மாதத்திற் காமன் கூத்து நிகழ்ந்தாலும், பாடசாலை விளையாட்டுப் போட்டி நடந்தாலும் தலைக்கு மேலே வண்டின் இரைச்சலோடு சிறு யந்திரமொன்று சுற்றி வருதலைக் காண்கின்றோம். ட்ரோன் என்று உலகம் வழங்கும் ஆளில்லாச் சிறு வானூர்தியே அது. நான்கு விசிறிகளும் ஒரு படக்கருவியும் ஒரு மின்கலமும் கொண்ட இதனை, கைப்பேசியை இயக்கத் தெரிந்த எவரும் ஒரு நாளிற் பழகிக்கொள்ளலாம். இங்ஙனம் பழகுதற்கு எளிதாயிருத்தலே இதன் பெருங்குறை என்பது என் துணிபு. காற்றைப் பற்றி யாதும் அறியாமலே ஒருவர் இதனைப் பல நாள் பறக்கவிடலாம். பின்னொரு நாள் கைத்திரையிலே ‘பலத்த காற்று’ என்னும் எச்சரிக்கை தோன்றும். அவ்வெச்சரிக்கை கூறுவது யாது, அது தோன்றியபின் நமக்கு எஞ்சியிருப்பது எவ்வளவு என்பனவற்றை அக்கரப்பத்தனை மலைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு நோக்குவாம்.

முதலில் ஒன்று தெளிதல் வேண்டும். இத்தகைய சிறு வானூர்திகளிலே காற்றின் வேகத்தை அளக்கும் தனிக்கருவி பொதுவாக இல்லை. அங்ஙனமாயின் காற்று வலிது என்பதை யந்திரம் எவ்வாறு அறிகின்றது? கொழுந்துக் கூடையை முதுகிற் சுமந்து மேட்டிலே நடக்கும் பெண், எதிர்காற்று வீசும்பொழுது தன்னை அறியாமலே முன்னே சாய்கின்றாள். காற்று வலுக்குந்தோறும் சாய்வும் மிகுகின்றது. வானூர்தியின் செயலும் அதுவே. செய்மதிகளின் துணையால் அது தான் நிற்கும் இடத்தை அறியும். காற்றுத் தள்ளும்பொழுது, இடம் பெயராதிருத்தற்பொருட்டுக் காற்றை நோக்கிச் சாய்ந்து, தன்னைத் தூக்கும் விசையின் ஒரு பகுதியைக் காற்றுக்கு எதிராகச் செலுத்தும். எவ்வளவு சாய நேர்ந்தது, மோட்டார்கள் எவ்வளவு உழைக்க நேர்ந்தது என்பவற்றைக் கொண்டே அது காற்றைக் கணிக்கின்றது. சாய்வுக்கோ ஓர் எல்லையுண்டு. டி.ஜே.ஐ. நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட, 249 கிராம் நிறையுள்ள மினி 2 என்னும் வானூர்திக்கு அவ்வெல்லை 40 பாகை.

ஆதலின் திரையில் தோன்றும் எச்சரிக்கை வரப்போகும் காற்றைப் பற்றிய முன்னறிவிப்பு அன்று. ‘என் வலிமையின் பெரும்பகுதியை இங்கே நிற்பதற்கே செலவிடுகின்றேன், வீடு திரும்ப எஞ்சியிருப்பது சிறிதே’ என்னும் முறையீடே அது. இவ்வேறுபாட்டை உணராதவர், இன்னும் ஒரு படம் எடுத்துவிட்டு வரலாம் என்று எண்ணுவர். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதையும் இவ்விடத்து நினைவிற் கொள்க.

இனி அளவுகளைக் காண்போம். மேற்கூறிய மினி 2 தாங்கக்கூடிய காற்றின் வேகம் செக்கனுக்கு 8.5 முதல் 10.5 மீற்றர் என்று அதனைச் செய்தோர் குறித்துள்ளனர். செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்பதை 3.6 ஆற் பெருக்கினால் மணித்தியாலத்துக்குரிய கிலோமீற்றர் கிடைக்கும்; அஃதாவது இதன் எல்லை மணிக்கு ஏறக்குறைய 38 கிலோமீற்றர். ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த பிரான்சிஸ் போபோர்ட் என்பார் 1805இல் வகுத்த காற்றுத் தரவரிசையில் இது 5ஆம் தரம். அத்தரத்தின் அடையாளம், இலையடர்ந்த சிறு மரங்கள் முழுதாக அசையத் தொடங்குதல். 4ஆம் தரத்திலே புழுதியும் காகிதத் துண்டுகளும் எழும். சிறு கிளைகள் ஆடும். 6ஆம் தரத்திலே பெருங்கிளைகள் ஆடும், கம்பிகள் சீழ்க்கையடிக்கும், குடை பிடித்து நடத்தல் அரிதாகும். தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இவை புதியன அல்ல. தேயிலைக்கு நிழல் தரும் கிரவில்லியா மரங்கள் வெள்ளிய அடியிலையைக் காட்டித் தலை சாய்க்கும்பொழுதும், லயத்தின் தகரங்கள் படபடக்கும்பொழுதும் வானூர்தியைப் பெட்டியை விட்டு எடுக்க வேண்டியதில்லை. இதற்குத் திரை வேண்டா. கண்ணும் காதும் போதும்.

எனினும் மலைப்பாங்கான இடத்தில் நிலத்தருகே காணும் காற்று முழு உண்மையையும் கூறாது. அக்கரப்பத்தனையைச் சூழ்ந்த தோட்டங்கள் பல 1,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளன. தெற்கே நிலம் மேலும் உயர்ந்து, 2,100 மீற்றருக்கு மேற்பட்ட ஹோர்ட்டன் சமவெளியிலும், 2,380 மீற்றரைக் கடந்த கிரிகல்பொத்தை மலையிலும் சென்று முடிகின்றது. யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று வழங்கும் தென்மேற்குப் பருவக்காற்று, மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரையில் இம்மலைத்தொடர்களை மோதி ஏறுகின்றது. முகட்டை அடையும் காற்று நெருக்குண்டு விரைவு மிகப் பெறும். முகட்டின் மறுபுறத்திலோ கீழ்நோக்கி இறங்கிச் சுழலும். சமவெளிக்கு அப்பால் அம்பேவளைப் புல்வெளியிலே காற்றாலைகளை நிறுவியவர்கள் இவ்விரைவை விரும்பியே நிறுவினர். நமக்கு அதுவே இடர்.

மலைமுகட்டின் மறைவிலுள்ள ஒரு தோட்டத்து மைதானத்தில் நின்று வானூர்தியை எழுப்புகின்றோம் என்க. இங்கே புல்லும் அசையவில்லை. வானூர்தி உயர்ந்து முகட்டுக் கோட்டைத் தாண்டியதும், ஒரு கணத்திற் பெருங்காற்றின் வாயில் அகப்படுகின்றது. எச்சரிக்கை தோன்றுவது அப்பொழுதுதான். அன்றியும், முகட்டின் மறைவுப் புறத்தில் இறங்கு காற்று உண்டு. மினி 2 மிக விரைந்து மேலேறும் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர். வழக்கமான நிலையில் 3 மீற்றரே. இறங்கு காற்று அதனினும் வலிதாயின், ஏற்றக் கோலை முழுதும் தள்ளினாலும் யந்திரம் தேயிலைச் செடிகளை நோக்கியே வரும்.

தை முதல் பங்குனி வரையிலான காலம் பெரும்பாலும் வறண்டது. டிம்புள்ளைப் பகுதித் தேயிலை தன் சிறந்த மணத்தைப் பெறும் காலமும் அதுவே. அம்மணத்தைத் தருவது குளிர்ந்து உலர்ந்த வாடைக்காற்று என்பதைப் பறக்கவிடுவோர் மறத்தலாகாது. வானம் தெளிந்திருத்தல் வேறு, காற்று அடங்கியிருத்தல் வேறு.

கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களம் பருவக்காற்று வலுக்கும் நாட்களில் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளுக்கும் நுவரெலியா மாவட்டத்துக்கும் மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றர் வரையான காற்று இடையிடையே வீசக்கூடும் என்று அறிவிப்பதுண்டு. இதனைச் செக்கனுக்கு மாற்றினால் 14 முதல் 17 மீற்றர். மினி 2 முழு விரைவு நிலையில், காற்றற்ற வெளியில், செக்கனுக்கு 16 மீற்றர் செல்லும். வானூர்தி காற்றின் திசையில் 1 கிலோமீற்றர் சென்றுவிட்டதாகக் கொண்டு கணக்கிடுவோம். காற்றில்லையேல் ஏறக்குறைய 1 நிமிடத்தில் மீளும். எதிர்காற்று 12 மீற்றராயின் மீளும் வேகம் 4 மீற்றர். 4 நிமிடத்துக்கு மேலாகும். 14 மீற்றராயின் 8 நிமிடத்துக்கு மேலாகும். 17 மீற்றராயின் முகம் நம்மை நோக்கியிருக்க, உடல் பின்னோக்கிச் செல்லும். முழு உழைப்பில் மின்கலமும் விரைந்து வற்றும். எனவே திணைக்களத்தின் அறிவிப்பு உள்ள நாளிற் பறக்கவிடாமையே முறை. ‘இடையிடையே’ என்னும் சொல்லைக் கண்டு ஆறுதல் கொள்வோர் உளர். வானூர்தியை இழப்பதற்கு ஒரு வீச்சே போதுமானது.

காற்று இல்லாத நாளென்று நம்பிப் பறக்கவிட்டபின் எச்சரிக்கை தோன்றினால் செய்வது யாது? பலர் தானே வீடு திரும்பும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பர். அப்பொத்தானுக்குப் பணியும் வானூர்தி, பெரும்பாலும், முன்னரே குறித்துவைத்த உயரத்துக்கு முதலில் ஏறும், பின்னரே திரும்பும். உயரத்திலே காற்று மிகும் என்பதைக் கண்டோம். ஆகையாற் பலத்த காற்றிலே கையால் இயக்கி, இயன்றவரை தாழ்த்தி, முழு விரைவு நிலைக்கு மாற்றிக் கொணர்தலே நன்று. ஆனால் மலைச்சரிவிலே தாழ்த்துவதற்கும் அளவுண்டு. திரையிற் காணும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணித்த உயரமேயன்றி, கீழேயுள்ள நிலத்திலிருந்து கணித்ததன்று. பள்ளத்தில் நின்று எழுப்பிய வானூர்தி 60 மீற்றர் உயரம் என்று காட்டும்பொழுது, மேல்மலையின் மரவுச்சியை உரசிக்கொண்டு செல்லுதல் கூடும். நேரே எதிர்த்து வர இயலாதாயின், காற்றுக்குக் குறுக்கே சென்று முகட்டின் காற்றோட்டத்தை விட்டு நீங்கி, வெற்று நிலமொன்றில் இறக்கிவிடலாம். தொலைவில் நலமாக இறங்கிய யந்திரத்தை நடந்து சென்று எடுக்கலாமன்றோ?

இவ்விடர் அனைத்தையும் பெரிதும் குறைக்கும் வழி ஒன்றுண்டு. புறப்படும்பொழுது காற்றை எதிர்த்துச் செல்க. மீளும்பொழுது காற்றே துணையாகும். முதலில் ஆளுயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தி, பின் முகட்டளவில் அரை நிமிடம் நிறுத்தி, எத்துணைச் சாய்கின்றது என்று கண்டபின் அப்பாற் செலுத்துக. கொழுந்தெடுப்போர் நிற்கும் மலைக்கு மேலும், லயங்களுக்கு மேலும், திருவிழாக் கூட்டத்துக்கு மேலும் செலுத்துதல் காற்றில்லாத நாளிலும் தகாது. பதிவு, அனுமதி முதலியவற்றுக்குச் சிவில் விமானச் சேவை அதிகாரசபையின் விதிகளைக் கேட்டறிந்து நடத்தல் வேண்டும்.

காற்று அடித்துச் சென்ற வானூர்தி எங்கேனும் வீழ்ந்துவிட்டால், அது கடைசியாக நின்ற இடம் கைத்திரைப் படத்திற் குறிக்கப்பட்டிருக்கும். அதனைக் குறித்துக்கொண்டு காற்றும் மழையும் தணியும்வரை காத்திருத்தல் வேண்டும். கிளை முறிந்து விழும் வேளையில் மரங்களினிடையே புகுதலும், நனைந்த சரிவிலே கான்களைத் தாண்டி ஓடுதலும் உயிருக்கு இடர் தருவன. காற்றுத் தணிந்தபின், அம்மலைக்குரிய கங்காணியாரிடம் சொல்லி, வழி தெரிந்த ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு சென்று தேடுக.