அம்புத்தலை இல்லாத திசை: திரவப் பளிங்குகள் பற்றி ஓர் அறிமுகம்

திண்மம், திரவம், வாயு எனச் சடப்பொருளுக்கு மூன்று நிலைகள் உண்டென்று சிறு வகுப்பிலிருந்தே படித்து வருகிறோம். 1888ஆம் ஆண்டில் ஒஸ்திரியத் தாவரவியலாளர் ரைனிட்சர் கொலஸ்திரோல் சேர்வையொன்றைச் சூடாக்கினார். அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கலாயிற்று, 178.5 பாகையில் தெளிந்தது. அந்தக் கலங்கல் அழுக்கினால் வந்ததன்று. திரவம்போல ஓடிக்கொண்டே பளிங்குபோல ஒழுங்கையும் காக்கும் இடைநிலை அது. அதுவே திரவப் பளிங்கு. கணிப்பான் திரைகளில் இருப்பதும் இவ்வகைப் பொருள்தான்.

இதைக் கணிதத்தில் எழுதுவது எப்படி? எண்ணற்ற மூலக்கூறுகளைத் தனித்தனியே கணிக்காமல், ஒவ்வோர் இடத்திலும் அவை சராசரியாகச் சாய்ந்திருக்கும் திசையை ஒரு சிறு கோடாகக் குறிப்பர். அயலிலுள்ள கோடுகள் ஒத்த திசையில் நிற்க முனையும். அவற்றை விரிக்க, முறுக்க, வளைக்கச் சக்தி தேவை. அச்சக்திக்குரிய கோவையை 1958இல் பிராங்க் தெளிவாக அமைத்தார். 1960களில் எரிக்சன், லெஸ்லி ஆகியோர் ஓட்டத்தையும் சேர்த்தனர். ஓட்டம் திசையைத் திருப்பும். திரும்பிய திசை பாகுநிலையை மாற்றி, ஓட்டத்தையே மாற்றும்.

இந்தக் கோட்டில் ஒரு விசேடம் உண்டு. மண்டைதீவுக் கரையில் நங்கூரமிட்ட வள்ளங்கள் காற்று வரும் பக்கம் அணியத்தைக் காட்டி நிற்கும். வள்ளத்தை முன்பின்னாகத் திருப்பினால் வேறுபாடு தெரியும். நமது கோட்டை 180 பாகை திருப்பினாலும் அதே கோடுதான். நாம் படிக்கும் காவிக்கு அம்புத்தலை உண்டு, இதற்கு இல்லை.

இதற்குக் கண்கண்ட சான்று உண்டு. ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்த இரு முனைவாக்கிகளுக்கிடையே மெல்லிய திரவப் பளிங்குப் படலத்தை வைத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், கரிய பட்டைகள் சில புள்ளிகளில் வந்து கூடும். திசைக்கோடு ஏதேனுமொரு முனைவாக்கிக்குச் சமாந்தரமாகும் இடமே இருளும். புள்ளியைச் சுற்றிவரும்போது திசை முழுச்சுற்றுத் திரும்பினால் நான்கு பட்டைகள். அரைச்சுற்றுத் திரும்பினால் இரண்டு. அம்புத்தலை இருந்தால் அரைச்சுற்றின் முடிவில் அம்பு எதிர்ப்பக்கம் பார்க்கும். தொடங்கிய இடத்தோடு பொருந்தாது. ஆகவே இரு பட்டைப் புள்ளி தோன்றவே முடியாது. ஆனால் அது தோன்றுகிறது!

கோல் வடிவ மூலக்கூறுகளே திரவப் பளிங்காகும் என நெடுங்காலம் கருதப்பட்டது. 1977இல் பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவகத்தில், சி.வி. இராமனின் சகோதரி மகனான எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து, தட்டு வடிவ மூலக்கூறுகளும் அவ்வாறாகும் எனக் காட்டினார். (நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் இவரின் உறவினர்; வேறொருவர்.) இடியப்பத் தட்டுகளைப்போல அம்மூலக்கூறுகள் அடுக்கி நிற்கும். தட்டுக்குச் செங்குத்தான கோடே அங்கு திசை. அதற்கும் அம்புத்தலை இல்லை.

அடுத்தமுறை வினாத்தாளில் அம்புக்குறி வரையும்போது, அந்தத் தலை அப்பொருளுக்கு உண்மையில் உண்டா என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்போமா?